ஒரு கட்டை கீழே

என் அத்தை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அப்பாவின் தங்கை. வயது அறுபது. கடையின் முன்பக்கம் பளபளவென்று பிரேம்களும் வெள்ளை விளக்குகளும் இருக்கும். பின்பக்கம் ஓர் ஆள் திரும்ப மட்டுமே இடமுள்ள அறை. அங்கே தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் ஒரு சக்கரம். வட்டமாக வரும் லென்ஸை அதில் வைத்துத் தேய்த்து பிரேமின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் லென்ஸ் பிரேமுக்குள் ஆடும். குறைவாகத் தேய்த்து அழுத்தினால் விளிம்பு தெறிக்கும். முப்பது வருடமாக அத்தை அதைச் செய்கிறார். சக்கரத்தின் சத்தத்துக்கு மேலே பாடிக்கொண்டே செய்கிறார். முன்னால் நிற்கும் வாடிக்கையாளர்கள் ரேடியோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

அத்தை ஒரு ராக் பேண்டின் பாடகியாக இருந்தவர் என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால், இருபது வயதில் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த பேண்டு அது. கிடார் வாசித்தவருக்கு அந்த வயதிலேயே நெஞ்சுவரை தாடி இருந்ததால் தாடி என்று பெயர். இப்போது மழுங்கச் சிரைத்திருக்கிறார். பெயர் மட்டும் போகவில்லை. பேஸ் கிடார் வாசிப்பவர் மேடையில் இமையைத் தவிர எதையும் அசைக்கமாட்டார், அதனால் அவர் தூண். டிரம்ஸுக்கு மட்டும் ஆட்கள் வந்து வந்து போனார்கள். அத்தைக்குப் பெயர் சைரன். 'கதவு' என்ற அவர்களுடைய பாட்டின் முடிவில் அத்தை உச்சத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாராம். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுமாம்.

"அந்த ஒரு கத்தலை வச்சே இருபது வருஷம் ஊர் ஊராப் போயிட்டு வந்தா," என்பார் அப்பா. அப்பா தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். எதையும் மட்டப்பலகை வைத்துத்தான் பார்ப்பார்.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் பேண்டு உடைந்தது. அத்தை புதுப் பாட்டுகள் பாட வேண்டும் என்றார். சனங்கள் 'கதவு' கேட்கத்தான் வருகிறார்கள், அதைக் கொடுப்போம் என்றார் தாடி. "செத்த பாட்டுக்குத் தினம் தினம் குளிப்பாட்டிப் பொட்டு வைக்க என்னால ஆகாது," என்று சொல்லிவிட்டு அத்தை மைக்கை ஸ்டாண்டில் மாட்டாமல் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். தாடியும் தூணும் வேறு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அதே பாட்டுகளை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தை நாற்பத்து மூன்று புதுப் பாட்டுகள் எழுதி, வீட்டிலேயே பதிவு செய்து, இணையத்தில் போட்டிருக்கிறார். ஒரு பாட்டைச் சராசரியாகப் பதினொரு பேர் கேட்கிறார்கள். அந்தப் பதினொன்றில் நான்கு, நான் வெவ்வேறு போன்களில் கேட்டவை.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். புள்ளியியல். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த மாதங்களில் ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். வயதான ராக் இசைக்காரர்களில் யாருடைய படைப்புச் சக்தி மிஞ்சியிருக்கிறது என்பது கேள்வி. உலகத்தில் பேர் பெற்றவர்களிலேயே இரண்டு வகை உண்டு. எழுபது வயதிலும் வருடத்துக்கு ஒரு புது ஆல்பம் போடுகிறவர்கள் ஒரு வகை, இளமையில் போட்ட பத்துப் பாட்டை வைத்தே சாகும்வரை மேடையேறுகிறவர்கள் இன்னொரு வகை. எங்கள் ஊரிலேயே இரண்டு வகைக்கும் ஆள் இருக்கும்போது நான் ஏன் வெளியே போக வேண்டும். அட்டவணை போட்டேன். கடந்த இருபத்தொரு வருடத்தில் புதிய பாட்டுகள்: அத்தை நாற்பத்து மூன்று, தாடி பூஜ்யம். முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது. அத்தையிடம் காட்டினேன்.

"இதை அச்சடிச்சு தாடியோட கடை வாசல்ல ஒட்டு," என்றார்.

அந்த வாரமே தாடி கண்ணாடிக் கடைக்கு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். பேண்டு தொடங்கி நாற்பது வருடம் ஆகிறது, பழைய ஆட்கள் சேர்ந்து ஒரே ஒரு நிகழ்ச்சி செய்யலாம், தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடி அரங்கம் கிடைத்திருக்கிறது, அறுநூறு பேர் உட்காரலாம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். அத்தை சக்கரத்தை நிறுத்தவில்லை.

"பழைய பாட்டு எத்தனை?"

"பதினாலு."

"புதுப் பாட்டு ஒண்ணு. என்னோடது. நடுவுல. கடைசியில வச்சு ஆளுங்க செருப்பு தேடற நேரத்துல இல்ல."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். நாலு நிமிஷம். அறுநூறு பேரு."

"சரி," என்றார் தாடி. அவர் படியிறங்கிப் போன பிறகு பார்த்தால் அத்தை கையிலிருந்த லென்ஸ் பாழாகியிருந்தது. முப்பது வருடத்தில் அப்படி எத்தனை ஆகியிருக்கும் என்று தெரியாது. நான் பார்த்தது அது ஒன்றுதான்.

இதற்கென்றே அத்தை புதிதாகக் கட்டியது 'நாற்காலி' என்ற பாட்டு. கண் பரிசோதனைக்குப் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் ஒரு பெண் பாடுவது போல எழுதியது. நான்கு மாதம் எழுதினார். மூன்று சரணம். இருபத்தொரு வருடத்தில் அவர் பாட்டு முதல்முறையாக ஒரு முழு அரங்கத்துக்குக் கேட்கப்போகிறது. வீட்டில் எல்லோருக்கும் அதே பேச்சு. "இது நல்லபடியா நடந்துட்டா அவ அந்த சைரனை நிறுத்திடுவா, அக்கம்பக்கம் நிம்மதியாத் தூங்கும்," என்று அம்மா சொன்னாலும், நிகழ்ச்சிக்கு உடுத்த அத்தைக்குப் புதுத் துணி எடுத்து வந்ததும் அம்மாதான்.

ஒத்திகை தாடியின் கடையில். அவர் கார், லாரிகளுக்கு சீட் தைக்கிறவர். கடையின் பின்னால் கூரை முட்ட ஃபோம் சுருள்கள் அடுக்கியிருக்கும். அந்த ஃபோம் எந்தச் சத்தத்தையும் வெளியே விடாது. தினமும் ரெக்ஸினில் ஊசி இழுத்து இழுத்துத் தாடியின் வலது கை காய்ப்பு ஏறியிருந்தது. இடது கையின் மோதிர விரலோ ஒருமுறை சீட் கம்பியில் நசுங்கி, அதற்குப் பிறகு முழுதாக மடங்குவதில்லை. இப்படிப்பட்ட விரலை வைத்துக்கொண்டு என்ன வாசித்துவிடப் போகிறார் என்று நான் ஃபோம் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் 'கதவு'. பழைய பதிவில் தாடியின் கிடார் இடையில் ஒரு நிமிடம் தனியாக ஓடும், மழை தகரத்தில் அடிப்பது போல. அன்று அந்த இடம் வந்தது. தாடி ஒரு ஸ்வரம் வாசித்தார். நிறுத்தினார். எனக்குச் சங்கடமாக இருந்தது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று. மறுபடி நிறுத்தம். ஒரு நிமிடத்தில் மொத்தம் ஏழெட்டு ஸ்வரம்தான் இருக்கும். ஒவ்வொன்றும் எங்கே விழும் என்று தெரியாமல் நான் சுருளின் ஓரத்துக்கு வந்துவிட்டேன். பழைய பாட்டுதான். ஆனால் அது எனக்குத் தெரியாத பாட்டு.

என் அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை. பூஜ்யம் என்று எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, யாருக்கும் சொல்லாமல், அத்தையின் நாற்பத்து மூன்று பாட்டுகளையும் வரிசையாகக் கேட்டேன். கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். வரிகள் நன்றாக இருந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம். ஆனால் எல்லாப் பாட்டும் மூன்றாவது வரியில் மாடிப்படி ஏறி, அதே உச்சியில் போய் நின்று, அங்கே 'கதவு' பாட்டின் அந்தக் கடைசி ஸ்வரத்தைத் தேடியது. இருபத்து நான்கு வயதில் எட்டிய ஸ்வரம். நாற்பத்தைந்தில் எட்டினார். ஐம்பதுக்குப் பிறகு பதிவானவற்றில் அங்கே குரல் கிழிகிறது, ஒவ்வொரு பாட்டிலும். அதாவது, பழைய பாட்டு வேண்டாம் என்று வந்தவர் ஒரே பழைய பாட்டை நாற்பத்து மூன்று முறை எழுதியிருக்கிறாரா? இல்லை, அது என் காதின் குறையா? எனக்கு சங்கீதம் தெரியாது. தெரியாததாலேயே இதை அத்தையிடம் சொல்லாமல் இருக்க எனக்கு வசதியாக இருந்தது.

தாடிக்கு அந்த வசதி இல்லை. இரண்டாவது ஒத்திகையில் 'நாற்காலி' முடிந்ததும் சொன்னார்.

"பாட்டு நல்லா இருக்கு. சுருதியை ஒரு கட்டை இறக்கினா உக்காரும்."

"எதுக்கு உக்காரணும்? நிக்கட்டும்."

"உன் குரலுக்குச் சொல்றேன். நாங்க எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கிதான் வாசிக்கிறோம், பத்து வருஷமா. கிடாரையே இறக்கித்தான் சுருதி வச்சிருக்கோம். 'கதவு' நீ இப்ப அதுலதான் பாடினே. எவ்வளவு சுகமா இருந்துச்சு."

"அது உன் பாட்டு. அதை நீ பள்ளத்துல இறக்கு, பாதாளத்துல இறக்கு. என் பாட்டுல கை வைக்காதே."

"வயசாகுதும்மா எல்லாருக்கும்."

"உனக்கு ஆகுது. தாடியைச் சிரைச்சா தெரியாதுன்னு நெனச்சியா?"

தூண் அதுவரை வாயைத் திறக்கவில்லை. "நான் வேணா ஒண்ணு சொல்லட்டுமா," என்றார். இருவரும் ஒரே குரலில், "நீ சும்மா இரு" என்றார்கள்.

கடைசியில் அத்தை சொன்னபடிதான் முடிவானது. கிடார்கள் எல்லாம் ஒரு கட்டை இறங்கிய சுருதியில் இருக்கும். 'நாற்காலி'க்கு மட்டும் தாடி கிடாரின் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டி ஒரு கட்டை ஏற்றிக்கொள்வார். பேஸ் கிடாருக்கு அந்தக் கிளிப் இல்லை. தூண் தன் இடது கையையே பேஸின் கழுத்தில் இரண்டு கோடு மேலே தள்ளி வைத்து வாசிக்க வேண்டும். பாட்டு அவருடைய பேஸில்தான் ஆரம்பம். முதல் சரணம் முழுக்க பேஸும் டிரம்ஸும் மட்டும், பிறகுதான் கிடார் நுழையும். பேஸிலிருந்துதான் அத்தை எப்போதும் சுருதி எடுப்பார். அடுத்த இரண்டு ஒத்திகையும் தூண் சரியாக வாசித்தார். அத்தை மூன்றாவது வரியில் குரல் கிழிந்தும் நிறுத்தாமல் பாடினார். தாடி ஃபோமைப் பார்த்துக்கொண்டு வாசித்தார்.

நிகழ்ச்சி மாலை ஆறு மணிக்கு. அரங்கம் நிறைந்துவிட்டது. பெரும்பாலும் அறுபது வயதுக்காரர்கள், பிள்ளைகளைத் துணைக்கு அழைத்து வந்தவர்கள். அப்பா முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஆறு பழைய பாட்டு போயின. அத்தை அவற்றை அலட்சியமாகப் பாடினார், வீட்டு வேலை செய்வது போல. அலட்சியமாகப் பாடியதாலோ என்னவோ, மிக நன்றாக இருந்தன. பிறகு மைக்கில், "இது புதுசு," என்று மட்டும் சொன்னார். சிலர் எழுந்து வெளியே போனார்கள். தாடி குனிந்து கிளிப்பை மாட்டினார்.

தூண் ஆரம்பித்தார். அவருடைய இடது கை எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஆறு பாட்டு பழைய இடத்தில் வாசித்த கை, ஏழாவது பாட்டுக்கும் அதே இடத்திலேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அத்தை கண்ணை மூடி பேஸைக் கேட்டுச் சுருதி எடுத்து, ஒரு கட்டை கீழே, பாட ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே என் பக்கத்திலிருந்தவர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். அத்தையின் குரலுக்கு அப்படியொரு அடிப்பகுதி இருப்பது எனக்குத் தெரியாது. யாரோ நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. மூன்றாவது வரி வந்தது, படியேறியது, உச்சிக்குப் போனது, கிழியவில்லை. அரங்கத்தில் இருமல்கூட இல்லை. நாற்பத்து நான்காவது பாட்டு இல்லை இது, இதுதான் முதல் பாட்டு என்று எனக்குத் தோன்றியது.

தாடிக்குப் புரிந்துவிட்டது. சரணம் முடிய இரண்டு வரி இருக்கிறது. கிளிப்போடு நுழைந்தால் அபசுரம். சத்தமில்லாமல் கிடாரின் கழுத்திலிருந்து கிளிப்பைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார்.

அந்த நேரம் பார்த்து அத்தை கண்ணைத் திறந்தார்.

பாட்டு நின்றது. அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார். "மன்னிக்கணும். சுருதி தப்பு. மறுபடி ஆரம்பிக்கிறோம்," என்றார் மைக்கில். தாடி பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். தாடி தலையை ஆட்டி மறுத்தார். அத்தை அசையவில்லை. கடைசியில் தாடி கிளிப்பை எடுத்து மாட்டினார். தூண் கையை மேலே தள்ளினார். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது வரியில் குரல் கிழிந்தது. இரண்டாவது சரணத்தில் இன்னும் மோசமாக. மூன்றாவது சரணத்துக்கு வரும்போது பின்வரிசையிலிருந்து "கதவு, கதவு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கைதட்டினார்கள். வயதானவர் ஏறியதும் பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்களே, அந்த மாதிரிக் கைதட்டல்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில், மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே நின்று அத்தை கத்தினார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுச் செஞ்சீங்க."

"சத்தியமா இல்ல. கை பழக்கத்துல நின்னுடுச்சு. என் தப்பு," என்றார் தூண்.

"நீயா? நாற்பது வருஷத்துல நீ ஒரு தப்பு வாசிச்சதை நான் கேட்டதில்ல. இன்னைக்கு மட்டும், என் பாட்டுக்கு மட்டும், கை நின்னுடுச்சா?"

தப்பே செய்யாத மனிதர் செய்த ஒரே தப்பை யார் தப்பு என்று நம்புவார்கள்?

"சரி, பேசி வச்சோம்னே வச்சுக்கோ," என்றார் தாடி. "கீழே பாடும்போது எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லு."

"குழியில தள்ளிட்டு, உள்ள குளுகுளுன்னு இருக்கான்னு கேக்கறே."

அத்தை என்னைப் பார்த்தார். "நீ சொல்லுடி. படிச்சவதானே."

நான் உண்மையைச் சொன்னேன். கீழே பாடியதுதான் நன்றாக இருந்தது, அத்தை. அதுதான் புதுசாக இருந்தது.

"உன் அப்பன் டைல்ஸ் ஒட்டிப் படிக்க வச்சான்," என்றார் அத்தை. அது திட்டா, வருத்தமா என்று தெரியவில்லை. அதன் பிறகு ஒன்றரை மாதம் என்னுடன் பேசவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போனால் சக்கரத்தைப் போட்டுவிடுவார்.

எனக்கும் கோபம்தான். அறுநூறு பேர் மூச்சடக்கி இருந்தார்கள். இருபத்தொரு வருடம் காத்திருந்தது கையில் வந்து விழுந்தது, அதை அவரே தட்டிவிட்டார். இதை யாரிடம் சொல்லி அழுவது? அப்பாவிடம் சொன்னேன். "மட்டம் தெரிஞ்சும் மேடாத்தான் பதிப்பேன்னா நாம என்ன பண்றது," என்றார். அதோடு கட்டுரையையும் மூடிவைத்தேன். யாரை உயர்த்தி எழுதினாலும் பொய்யாக இருந்தது.

ஆறாவது வாரம் தாடி போன் செய்தார். சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி, வா என்றார். போனேன். பழைய பாட்டுகளுக்கு நடுவில், "இது என் சிநேகிதி எழுதின பாட்டு. சைரன்னு சொன்னா உங்களுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, தாடி தானே 'நாற்காலி'யைப் பாடினார். அவர் பாடகர் இல்லை. பாதி பேச்சு, பாதி பாட்டு. ஒரு கட்டை கீழேதான். முடிந்ததும் நெடுநேரம் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், பாட்டின் பெயரென்ன என்று என்னிடம் கேட்டாள்.

மறுநாள் காலை அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். குழாயை மூடினார்.

"முழுசாப் பாடினானா?"

"ரெண்டு சரணம். மூணாவதைப் பாடல."

"மூணாவதைப் பாடலயா?"

"ரெண்டோட நிறுத்திட்டாரு."

ஈரக் கையோடு போனை எடுத்தார். நிகழ்ச்சிக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வது அதுதான் முதல்முறை. நலமா, எப்படி இருக்கிறாய் ஒன்றும் இல்லை.

"எவன்டா உன்னைக் கேட்டான் மூணாவது சரணத்தை வெட்டச் சொல்லி?"

தாடி குரல் எனக்கும் கேட்டது. "வேணாம் அது. ரெண்டுலயே பாட்டு முடிஞ்சிடுது."

"முடிஞ்சிடுதா? மூணாவதுலதான்டா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. அதுக்குத்தான் முதல் ரெண்டும் உக்காந்திருக்கா."

"கூப்பிடாமலே விட்டாத்தான் நல்லா இருக்கு."

"உனக்கு எதையாவது வெட்டணும். சீட் தைக்கிற புத்தி."

"உனக்கு எதையாவது ஒட்டணும்."

இருபது நிமிடம் இப்படியே போனது. கழுவாத பாத்திரங்களை நான் கழுவினேன். அத்தை நடந்துகொண்டே பேசினார், வரிகளைச் சொல்லிக் காட்டினார், நான்கு மாதம் எழுதியதை நான்கு தடவை சொன்னார். பிறகு, அந்தச் சரணம் ஏன் வேண்டும் என்று நிரூபிக்க, போனைக் காதிலிருந்து எடுத்து வாய்க்கு நேரே பிடித்துப் பாடியே காட்டினார். பழைய கட்டையில்தான். மூன்றாவது வரியில் குரல் கிழிந்தது. நிறுத்தவில்லை, கடைசி வரி வரை பாடினார். போனைக் காதில் வைத்துக் கேட்டார். தாடி ஏதோ மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை.

"இறக்க மாட்டேன்," என்றார் அத்தை. பிறகு அதே சரணத்தை முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.